சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் ரத்த உறைவு ஆய்வின் வரலாறும்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே உள்ள சத்திரப்பட்டியும் அதை ஒட்டிய சமுசிகாபுரமும் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர்கள். காயத்தின் மேல் வைக்கும் காஸ், அதைச் சுற்றிக் கட்டும் பேண்டேஜ், அறுவைச் சிகிச்சையின்போது ரத்தத்தை ஒற்றியெடுக்கும் மடிப்புத் துணி ஆகியவற்றுக்கான துணி இங்குள்ள விசைத்தறிகளில் நெய்யப்பட்டு இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறிச் சேலையாலும் ராஜபாளையம் நூற்பாலைகளாலும் அறியப்பட்டவை. சத்திரப்பட்டி வட்டாரம் அறியப்பட்டது மருத்துவத் துணியால்.

உடுப்பதற்கோ விரிப்பதற்கோ இத்துணி நெய்யப்படுவதில்லை. அறுபட்ட ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் வெளியேறும்போது, அது தானே உறைந்து நிற்கும் வரை துணை நிற்பதே இதன் முதல் வேலை. பஞ்சையும் காஸையும் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த தொழில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிறந்தது. ரத்தம் ஏன் உறைகிறது என்ற கேள்விக்கு வேதியியல் விடை கிடைக்கத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தறியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓட வேண்டும் என்ற கணக்குக்குக்கூட ரத்தத்தின் இயல்பில் காரணம் இருப்பது விளங்கும்.

பழைய மருத்துவத்தில் காயக்கட்டு

ரத்தத்தை நிறுத்தும் கலை மிகப் பழையது. சுசுருத சங்கிதை அதற்கு நான்கு வழிகளைச் சொல்கிறது: துவர்ப்புச் சரக்குகளால் காயத்தின் வாயை ஒட்டச் செய்வது, குளிர்ச்சியால் உறையச் செய்வது, சாம்பலால் உலர்த்துவது, எல்லாம் தவறினால் சுட்டு அடைப்பது. அதே நூல் கட்டுப் போடும் முறைகளைப் பதினான்காக வகுக்கிறது. கட்டுக்கு ஆகும் பொருள்களில் பருத்தித் துணியையும் சேர்க்கிறது. சங்க இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. போரில் பட்ட புண்ணின் மேல் வைத்த பஞ்சை இன்னும் எடுக்காத வீரர்களைப் புறநானூறு காட்டுகிறது. காயத்துக்குப் பருத்தி என்பது தமிழகத்துக்குப் புதிய செய்தி அன்று.

கிராமங்களில் இதற்குப் பல கைவைத்தியங்கள் இருந்தன. வரப்போரம் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டின் இலையைக் கசக்கிச் சாறு விடுவார்கள். மஞ்சள் தூளை அப்புவார்கள். பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டுவார்கள். இவற்றில் ரத்தத்தை நிறுத்தியதில் பெரும்பங்கு இறுக்கத்துக்கு உரியது. ரத்தக்குழாய் அழுந்தினால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்த இடத்தில் உறைவு நிலைக்கும். துணி சுத்தமாக இல்லாவிட்டால் ரத்தம் நின்ற காயமும் சீழ் பிடிக்கும். ஐரோப்பாவிலும் நிலைமை இதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே பழைய லினன் துணியை இழை இழையாகப் பிரித்துக் காயத்தில் திணித்தார்கள். அந்த இழைகள் பலமுறை பயன்பட்டன, பல கை மாறின, தொற்றையும் கூடவே கொண்டுவந்தன.

உறைவுக்குள் இருப்பது என்ன

உறைந்த ரத்தத்தைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்று முதலில் எண்ணியவர்களில் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி குறிப்பிடத்தக்கவர். 1666இல் அவர் உறைவிலிருந்து சிவப்பு நிறம் போகும் வரை நீரில் அலசி, எஞ்சிய வெள்ளை இழைகளை நுண்ணோக்கியில் கண்டார். ரத்தம் கெட்டியாவது சிவப்பு அணுக்களால் அன்று, அவற்றைத் தாங்கும் திரவத்தில் உள்ள ஒரு பொருளால் என்பதை 1771இல் லண்டனின் வில்லியம் ஹியூசன் சோதனையில் காட்டினார்.

அந்தப் பொருளை இழையாக மாற்றுவது எது என்பது அடுத்த கேள்வி. கிளாஸ்கோவின் ஆண்ட்ரூ புக்கானன் 1845இல், கழுவிய உறைவை வேறொரு உடல் திரவத்தில் இட்டால் அதுவும் உறைவதை வெளியிட்டார். உறைவுக்குள்ளேயே உறைவைத் தூண்டும் பொருள் இருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. டோர்பாட் நகரின் அலெக்சாண்டர் ஷ்மிட் அதை ஒரு நொதி என்று இனம் கண்டார். இன்று அதற்கு த்ராம்பின் என்று பெயர். ஸ்வீடனின் ஓலோஃப் ஹம்மர்ஸ்டன் 1870களில் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து, த்ராம்பின் அதையே ஃபைப்ரின் இழையாக மாற்றுகிறது என்று நிறுவினார்.

1882இல் இத்தாலியின் ஜூலியோ பிட்சோசெரோ, ரத்தக்குழாய் காயப்பட்டவுடன் முதலில் வந்து ஒட்டுவது சிவப்பணுவோ வெள்ளையணுவோ அல்ல, அவற்றைவிடச் சிறிய தட்டணுக்கள் என்று கண்டார். 1890இல் பிரான்சின் மோரிஸ் ஆர்த்தூஸும் காலிக்ஸ்ட் பாஜேயும், கால்சியத்தை நீக்கினால் ரத்தம் உறையாது என்று காட்டினர். இரத்த வங்கியில் சிட்ரேட் சேர்த்து ரத்தத்தைத் திரவமாகவே வைத்திருக்கும் முறைக்கு அடிப்படை இதுதான். 1905இல் ஜெர்மனியின் பவுல் மோராவிட்ஸ் இவை அனைத்தையும் ஒரே கோட்பாடாகத் தொகுத்தார்: காயம்பட்ட திசுவிலிருந்து வரும் பொருள், கால்சியத்தின் துணையோடு, செயலற்று இருக்கும் புரோத்ராம்பினை த்ராம்பினாக்குகிறது, த்ராம்பின் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக்குகிறது. அடுத்த அரை நூற்றாண்டில் இச்சங்கிலியில் பல கண்ணிகள் சேர்ந்தன. ஆனால் இந்த முதன்மைக் கோடு மாறவில்லை.

தண்ணீர் குடிக்கும் பஞ்சு

செடியிலிருந்து பறித்த பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஒவ்வோர் இழையின் மேலும் மெல்லிய மெழுகுப் படலம் இருப்பதே காரணம். அந்தப் பஞ்சு ரத்தத்தையும் எளிதில் உள்ளே வாங்காது. மெழுகையும் பெக்டின் என்ற பசைப் பொருளையும் காரத்தில் வேகவைத்து நீக்கினால் அதே இழை நீரை வேகமாக உறிஞ்சும். ஜெர்மனியின் டூபிங்கன் நகர அறுவை மருத்துவர் விக்டர் ஃபான் புருன்ஸ் இவ்வாறு கொழுப்பு நீக்கிய பஞ்சைக் காயங்களுக்குப் பயன்படுத்தினார். 1873இல் ஹைடன்ஹைம் நகரின் பவுல் ஹார்ட்மன் அதை ஆலையில் தயாரிக்கத் தொடங்கினார்.

1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத் தொற்றைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் அந்த அமிலத்தைத் தாங்கும் ஊடகமாக மெல்லிய பருத்தி காஸைத் தேர்ந்தெடுத்தார். பர்மிங்ஹாமின் சாம்சன் காம்ஜி 1880இல் இரண்டு காஸ் அடுக்குகளுக்கு நடுவே உறிஞ்சும் பஞ்சை வைத்த கட்டை அறிமுகம் செய்தார். அது இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இப்படி இருபது ஆண்டுகளுக்குள் பழந்துணி விலகி, காயத்துக்கென்றே செய்த துணி வந்தது. முதல் உலகப் போரில் பருத்தி வெடிமருந்துக்கும் தேவைப்பட்டதால் தட்டுப்பாடு ஏற்பட்டு, பிரிட்டனில் சதுப்பு நிலப் பாசியைக் கூடக் கட்டாகப் பயன்படுத்தினார்கள். பருத்தி விளையும் நாட்டிலேயே மருத்துவப் பஞ்சு தயாரிப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதுவே போதிய சான்று.

கரிசல் பருத்தியும் ராஜபாளையம் ஆலைகளும்

ராஜபாளையத்துக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி வரை விரியும் கரிசல் காடு. அக்காட்டில் விளைந்த பருத்தி திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானது. கருங்கண்ணி போன்ற நாட்டு ரகங்களின் இழை குட்டையானது, உரமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட இழை கொண்ட கம்போடியா ரகமும் பரவியது. ஹார்வி நிறுவனம் 1880களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், 1890களில் மதுரையிலும் நூற்பாலைகளை அமைத்ததால் தென்மாவட்டங்களில் மில் நூல் தாராளமாகக் கிடைத்தது. கைத்தறி நெசவாளர்களும் அதற்கு மாறினார்கள்.

அப்போது ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவைச் சேர்ந்தது. அந்தத் தாலுகா 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் புதிதாக அமைந்த ராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்தது. 1985இல்தான் விருதுநகர் மாவட்டம் உருவானது. 1927இல் விருதுநகரையும் தென்காசியையும் இணைக்கும் ரயில் பாதை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் திறக்கப்பட்டது. பருத்திப் பொதியும் நூல் கட்டும் வந்து போக வழி பிறந்தது.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1939இல், அதே ஊரில் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் நிறுவப்பட்டது. நூற்பாலைகள் பெருகிவந்த காலத்தில், பெயரிலேயே மருத்துவப் பஞ்சைத் தாங்கி ஒரு நிறுவனம் எழுந்தது கவனிக்கத்தக்கது. அந்த ஆண்டின் செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கப்பல் போக்குவரத்து தடைப்பட்ட போர்க்காலத்தில் உள்நாட்டு மருத்துவப் பஞ்சுக்கு மதிப்பு கூடியது. 1944இல் பாபநாசம் நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கித் தென்மாவட்டத் தொழில்களுக்கு மின்சாரம் தந்தது.

நூற்பாலையும் மருத்துவப் பஞ்சும் ஒரே ஊரில் இருப்பதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. நூலை நயமாக நூற்க வேண்டுமென்றால் குட்டை இழைகளைச் சீவி ஒதுக்க வேண்டும். சீவி ஒதுக்கிய அந்தக் கழிவு நூலுக்கு ஆகாது. உறிஞ்சும் பஞ்சுக்கு நன்றாக ஆகும். ஆலையின் ஒரு வாசலில் சேலைக்கும் வேட்டிக்கும் நூல் போக, மறு வாசலில் மருத்துவமனைக்குப் பஞ்சு போக முடிந்தது இதனால்தான்.

சத்திரப்பட்டித் தறிகள்

பக்கத்திலேயே நூல் கிடைக்க, நெசவு தெரிந்த குடும்பங்கள் நிறைந்த சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணியைத் தன் தொழிலாக்கிக்கொண்டது. கைத்தறியில் தொடங்கிய நெசவு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விசைத்தறிக்கு மாறியது. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் சில தறிகள், பெரிய கூடங்களில் வரிசையாகப் பல தறிகள் என ஊரின் தெருக்களே தறிச் சத்தத்தோடு வளர்ந்தன.

வேலை பல கைகளில் பிரிந்து நடக்கிறது. மில்லிலிருந்து வரும் நூலில் ஒரு பகுதி பாவாக, அதாவது நீளவாட்டு இழையாக, ஓட்டப்படும். பாவு அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போட்டு உலர்த்திப் பீம் என்ற உருளையில் சுற்றுவார்கள். மற்றொரு பகுதி ஊடைக்காக, அதாவது குறுக்கு இழைக்காக, தார் என்ற சிறு குழலில் சுற்றப்படும். பழைய பாவு தீர்ந்ததும் புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு பிணைக்க வேண்டும். இது பொறுமையைக் கேட்கும் வேலை. சேலையைப் போலப் பேண்டேஜுக்குக் கரையும் இல்லை, நிறமும் இல்லை, புட்டாவும் இல்லை. ஆனால் இடைவெளி சீராக இருக்க வேண்டும். இழை நெருங்கிவிட்டால் துணி கனத்து விலை ஏறும்; விலகிவிட்டால் காயத்தின் மேல் நிற்காது.

தறியிலிருந்து இறங்கும் கோராத் துணி பழுப்பேறி, கஞ்சி விறைப்போடு இருக்கும். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துக் கஞ்சியையும் மெழுகையும் நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வெளுப்பானில் வெளுத்து, காரம் போகும் வரை பலமுறை அலசி உலர்த்துகிறார்கள். பிறகு மடிப்பது, வெட்டுவது, சுருட்டுவது, எண்ணிப் பொட்டலம் கட்டுவது ஆகிய வேலைகள் வரும். இவற்றில் பெண்களின் உழைப்பு அதிகம். அறுவை அரங்குக்குப் போகும் துணி நீராவி, எத்திலீன் ஆக்சைடு, காமா கதிர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் கிருமி நீக்கப்படும்.

அளவுகள் சொல்லும் செய்தி

மருத்துவத் துணி இந்தியச் சட்டப்படி வெறும் ஜவுளி அன்று. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின் கீழ் 1945இல் வந்த விதிகள் பேண்டேஜ் துணிக்கும் காஸுக்கும் தனித்தனித் தரம் வகுத்தன. 2017இல் வெளியான மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் இவை மருத்துவக் கருவிகளின் வரிசையில் சேர்ந்தன.

உறிஞ்சும் காஸில் 10 சென்டிமீட்டருக்குப் பாவில் 75 இழைக்கும் ஊடையில் 55 இழைக்கும் குறையக் கூடாது. சதுர மீட்டருக்கு எடை சுமார் 30 கிராம். சுற்றிக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பாவில் 150, ஊடையில் 85. எடை சுமார் 57 கிராம். காஸ் ரத்தத்தை வாங்க வேண்டியது, அதனால் இளக்கமானது; பேண்டேஜ் அழுத்தம் தர வேண்டியது, அதனால் நெருக்கமானது. இரண்டு வேலைக்கும் இரண்டு நெசவு.

உறிஞ்சும் திறனுக்கும் சோதனை உண்டு. மருத்துவப் பஞ்சை நீரின் மேல் இட்டால் 10 நொடிக்குள் மூழ்க வேண்டும். ஐரோப்பிய மருந்து நூலின்படி ஒரு கிராம் பஞ்சு குறைந்தது 23 கிராம் நீரைத் தாங்க வேண்டும். வெளுப்பில் மெழுகு மிச்சமிருந்தால் பஞ்சு மிதக்கும். அலசல் குறைந்தால் காரம் தங்கிக் காயத்தை உறுத்தும். வெளுப்புப் பட்டறையின் கவனம் அல்லது கவனக்குறைவு இந்த 10 நொடியில் தெரிந்துவிடும்.

துணியைத் தொடும் ரத்தம்

காயத்தில் காஸை வைத்து அழுத்தும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. அழுத்தத்தால் ரத்த ஓட்டம் தணிகிறது. துணி திரவத்தை உறிஞ்ச, தட்டணுக்களும் உறைவுப் புரதங்களும் காயத்தின் வாயில் செறிகின்றன. இழைகளின் வலைப்பின்னல், புதிதாக உருவாகும் ஃபைப்ரின் வலைக்குப் பிடிமானமாகிறது. தறியில் பாவும் ஊடையும் பின்னுவதைப் போல ஃபைப்ரின் இழைகளும் ஒன்றோடொன்று பின்னி, இடையில் ரத்த அணுக்களைச் சிறைப்படுத்துகின்றன. உறைவுப் புரதங்களுக்கு இட்ட எண் வரிசையில் 13ஆம் காரணி எனப்படும் நொதி அப்பின்னலை வேதிப் பிணைப்பால் உறுதியாக்குகிறது.

நான்காவதாக ஒன்றும் உண்டு: உடலுக்கு வெளியே உள்ள ஒரு பரப்பை ரத்தம் தொடுவது. கண்ணாடிக் குழாயில் ரத்தம் விரைவில் உறைவது ஏன் என்பதற்கு 1955இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் விடை கிடைத்தது. ஜான் ஹேக்மன் என்ற ரயில்வே தொழிலாளியின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் நெடுநேரம் உறையாமல் நின்றது. ஆனால் அவருக்கு ரத்தப்போக்குத் தொல்லை எதுவும் இருந்ததில்லை. ஆஸ்கர் ராட்னாஃப் அவரிடம் குறைந்திருந்த புரதத்தை இனம் கண்டார். அதுவே 12ஆம் காரணி. எதிர்மின்னூட்டம் கொண்ட பரப்பைத் தொட்டால் அது விழித்து அடுத்த காரணியைத் தூண்டுகிறது. 1964இல் பிரிட்டனின் ராபர்ட் மக்ஃபார்லேனும், அமெரிக்காவில் ஏர்ல் டேவியும் ராட்னாஃபும், ஒரு காரணி அடுத்ததைத் தூண்ட அது அதற்கடுத்ததைத் தூண்டும் தொடராக உறைவு முழுவதையும் விளக்கினர். ஒவ்வொரு படியிலும் வேகம் பன்மடங்காகப் பெருகுவதால் சில நிமிடங்களில் வலை உருவாகிவிடுகிறது.

மக்ஃபார்லேனின் தொடக்க ஆய்வு ஒன்றுக்குத் தமிழகக் காடுகளோடு உறவு உண்டு. கரிசல் காட்டில் உழவர்கள் அஞ்சும் கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தத்தை உறையச் செய்யும் திறன் கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இந்த விரியன் அவர் பெயரையே தாங்குகிறது. 1934இல் மக்ஃபார்லேனும் பர்ஜெஸ் பார்னெட்டும் அந்த நஞ்சைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்துக் காயத்தில் வைத்து, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிக்குப் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தத்தை நிறுத்தினர். நஞ்சு நேரடியாகப் 10ஆம் காரணியைத் தூண்டுகிறது என்பது பின்னர் விளங்கியது. 1986இல் பெருமாள் தியாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் நீர்த்த விரியன் நஞ்சைக் கொண்டு, தேவையற்ற உறைவுகளை உண்டாக்கும் ஓர் எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனையை அமைத்தனர். அது உலகெங்கும் ஆய்வகங்களில் நடைமுறையில் உள்ளது.

விரியன் கடித்தவருக்கோ நேர்மாறான ஆபத்து. நஞ்சு உறைவுக் காரணிகளைத் தாறுமாறாகச் செலவழித்துத் தீர்த்துவிடுவதால் பிறகு ரத்தம் உறையாது. கடிபட்டவரின் ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பது கிராமப்புற மருத்துவமனைகளின் எளிய சோதனை. உறையாவிட்டால் நஞ்சுமுறி மருந்து உடனே தேவை. ஹேக்மனின் ரத்தம் கற்றுத்தந்த கண்ணாடிப் பரப்பின் பாடமே இதன் அடிப்படை.

மருந்தாகும் பருத்தி

பருத்தியையே உறைவு மருந்தாக மாற்றும் முயற்சி 1940களில் தொடங்கியது. பருத்தி காஸை நைட்ரஜன் டையாக்சைடால் ஆக்சிஜனேற்றினால் அது உடலுக்குள் கரையக்கூடியதாகிறது. 1943இல் நியூயார்க்கின் வர்ஜீனியா ஃபிராண்ட்ஸ் அதை அறுவைச் சிகிச்சையில் ரத்தத்தை நிறுத்தப் பயன்படுத்தினார். ரத்தம் நின்றபின் துணியை உருவி எடுக்க வேண்டிய தேவை இல்லாமற்போனது.

2008இல் அமெரிக்கப் படை கயோலின் என்ற வெண்களிமண் தோய்ந்த கட்டுத் துணியைத் தேர்ந்தெடுத்தது. கயோலின் 12ஆம் காரணியை வலுவாகத் தூண்டும். ஆனால் அந்தத் துணி பருத்தி அன்று, செயற்கை இழையால் ஆன நெய்யாத் துணி. இதற்கு எதிர்த்திசையிலும் ஆய்வு நடந்தது. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகம், வெளுக்காத பருத்தியில் எஞ்சும் மெழுகும் பெக்டினும் ஃபைப்ரின் உருவாவதை விரைவுபடுத்துவதாகக் கண்டது. நூறாண்டுக்கு மேலாக மருத்துவத் துணியிலிருந்து முற்றிலும் நீக்க வேண்டியவை என்று கருதப்பட்ட பொருள்களுக்கு, அளவோடு காத்துக்கொண்டால், ஒரு பயன் இருக்கிறது. கோராத் துணியை நெய்யும் ஊர்களுக்கு இது வாய்ப்புள்ள துறை.

உறைவு கரையும் கதை

காயம் ஆறத் தொடங்கியதும் உறைவு கரைய வேண்டும். ரத்தத்தில் செயலற்று மிதக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதம் பிளாஸ்மினாக மாறி ஃபைப்ரின் இழைகளை அறுக்கிறது. இது நடக்குமுன் உலர்ந்த காஸை வெடுக்கென்று இழுத்தால், துணியோடு பின்னிய உறைவும் பெயர்ந்து ரத்தம் மீண்டும் வரும். காஸை உப்புநீரில் நனைத்து மெல்ல எடுக்கும் வழக்கமும், ஒட்டாமல் இருக்கப் பாரஃபின் தோய்த்த காஸும் இதனால் வந்தவை.

இதயத்தின் தமனியில் உறைவு அடைத்தால் உடலின் பிளாஸ்மின் மட்டும் போதாது. 1933இல் வில்லியம் டில்லெட்டும் கார்னரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மனித ஃபைப்ரினைக் கரைப்பதைக் கண்டனர். அக்கிருமியின் பொருளான ஸ்ட்ரெப்டோகைனேஸ் மாரடைப்பில் உயிர் காக்கும் என்பதை 1986இல் இத்தாலியில் 11,806 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. 1988இல் 17,187 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு, அதோடு ஆஸ்பிரினும் சேர்த்தால் பயன் கூடும் என்றது. இந்தியாவில் சண்டிகர் நுண்ணுயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிரிஷ் சாஹ்னியின் குழு உள்நாட்டிலேயே ஸ்ட்ரெப்டோகைனேஸ் தயாரிக்கும் வழியை உருவாக்கியது. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்தால் சிகிச்சை மேம்படும் என்று காட்டியது.

உறைவைக் கரைக்கும் மருந்து வேண்டிய உறைவையும் கரைக்கும். ஊசி குத்திய இடங்களில் ரத்தம் கசிவது அதன் வழக்கமான பக்கவிளைவு. அப்போது செவிலியர் செய்வது காஸை மடித்து வைத்து அழுத்திப் பிடிப்பதுதான். உறையச் செய்யும் சிகிச்சை, கரையச் செய்யும் சிகிச்சை இரண்டிலும் துணிக்கு இடம் உண்டு.

தொழிலின் இன்றைய நிலை

சத்திரப்பட்டி வட்டாரத்தின் நெசவாளர்கள் நெய்த அளவுக்கேற்பக் கூலி பெறுகிறார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்போதெல்லாம் கூலி உயர்வுப் பேச்சும், சில வேளைகளில் வேலைநிறுத்தமும் இத்தொழிலின் வரலாற்றில் தொடர்ந்து வருகின்றன. 2021, 2022ஆம் ஆண்டுகளில் நூல் விலை ஏறியபோது தமிழக விசைத்தறித் தொழில் முழுவதும் தடுமாறியது. மருத்துவத் துணியின் விலையில் நூலின் பங்கு பெரிது என்பதால் இவ்வட்டாரத்தின் சுமை கூடியது. நெய்யாத் துணியும் செயற்கை இழையும் சந்தையில் இடம் பிடித்துவருகின்றன. வெளுப்புக்கு நீர் ஏராளமாக வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் உண்டு.

அரசு மருத்துவமனைகளுக்கான மருத்துவப் பொருள்கள் ஒப்பந்தப்புள்ளி முறையில் வாங்கப்படுகின்றன. அங்கே விலையே முதலில் பேசும். ஆனால் விலைக்காக ஒரு சென்டிமீட்டரில் இழை குறைந்தாலும், வெளுப்பில் ஓர் அலசல் குறைந்தாலும், அதன் விளைவு நோயாளியின் காயத்தில் தெரியும். ரத்த உறைவு பற்றி மூன்றரை நூற்றாண்டு ஆய்வு கண்டறிந்தவற்றில், துணிக்குப் பொருந்தும் அனைத்தும் இழை எண்ணிக்கை, எடை, உறிஞ்சும் வேகம், தூய்மை என்ற நான்கு அளவுகளில் அடங்கிவிடுகின்றன. அந்த நான்கையும் காப்பவர்கள் பாவு பிணைப்பவரும், தறி ஓட்டுபவரும், வெளுப்புத் தொழிலாளியும், மடித்துச் சுருட்டும் பெண்களும். அவர்களின் கூலியும் பணிச்சூழலும் ஜவுளித் துறையின் கணக்கில் மட்டுமல்லாமல் மருத்துவத் தரத்தின் கணக்கிலும் இடம்பெற வேண்டியவை.